கண் கரிக்காத வெங்காயம்

அந்த ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த காவலாளி ஒருவர், முதல் நாள் விடியற்காலையில் இருட்டு வராந்தாவிலிருந்து, "ஆவியம்மா வந்தாச்சு, கதவைத் திறங்க" என்று ஒரு குரல் வரக் கேட்டு, சாவிக் கொத்தை அங்கேயே போட்டுவிட்டுச் சாலைக்கு ஓடினாராம். இதைப் பல ஆண்டுகள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அப்படிச் சிரித்தவர்களுள் ஆவியம்மாவும் ஒருத்தி. "செத்த பிறகு கிடைக்கற மரியாதை எனக்கு உசிரோட இருக்கும்போதே கிடைச்சுது, வேற யாருக்குக் கிடைக்கும்?" என்பாள்.

பெயர் வந்த காரணம் எளியது. ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் காய்கறி என்று எது வந்தாலும் அவள் பொறுப்பு. காயைத் தண்ணீரில் அமுக்கி வேகவைக்க அவளுக்கு மனம் ஒப்பாது, ஆவியில்தான் வேகவைப்பாள். "தண்ணியில போட்டா காயோட சாரம் தண்ணிக்குப் போகும், தண்ணி சாக்கடைக்குப் போகும். படுத்திருக்கறவங்களுக்கு என்ன போகும்?" என்று கேட்பாள். தொண்டையில் அறுவை செய்துகொண்டவர்களுக்குக் காரட்டையும் உருளைக்கிழங்கையும் குழைய விட்டு, மத்தால் கடைந்து, மெல்லிய துணியில் வடித்துத் தருவாள். உப்பு ஆகாதவர்களுக்குப் பூசணி. அதில் உப்பில்லாத குறை நாக்குக்குத் தெரியாதபடி, பொன்னிறமாக வதக்கிய வெங்காயத்தை மேலே தூவுவாள். எலும்பு முறிந்து படுத்திருப்பவர்களுக்கு மட்டும் பீன்ஸை எண்ணெயில் புரட்டி, கடிபடும் பதத்தில் இறக்குவாள். குறை சொல்கிறவர்களும் அவர்கள்தாம். "கால் ஒடிஞ்சா வாய் நீளும் போல" என்று சிரித்துக்கொள்வாளே தவிர, மறுநாள் பதத்தைத் திருத்திவிடுவாள்.

இளம்பெண்ணாக அவள் அங்கே வந்தது கிழங்குக்குத் தோல் சீவும் வேலைக்கு. பின்புறத் தோட்டத்திலிருந்து காய்க் கூடையைச் சுமந்து வருபவர் தோட்டக்காரர். அவர் கொண்டுவரும் கீரைக் கட்டின் மேல் நாள்தோறும் ஒரு பூ கிடக்கும். கேட்டால், "தெரியாம விழுந்துடுச்சு" என்பார். ஒரு பருவம் முழுவதும் பூக்கள் இவ்விதம் தெரியாமலே விழுந்துகொண்டிருக்கவே, அந்நாளைய தலைமைச் சமையல்காரர் பொறுக்க மாட்டாமல், "தெரியாம விழுந்தது போதும்ப்பா. தெரிஞ்சே வந்து பொண்ணு கேளு" என்றார். அவ்வாறே கேட்டார், மணந்தார். தோட்டக்காரருக்கென்று சமையற்கட்டை ஒட்டி இரண்டு அறைகள் உண்டு. அவற்றில் தொடங்கிய குடித்தனம் அவற்றிலேயே முதிர்ந்தது. பிள்ளைப் பேறு வாய்க்கவில்லை. வாய்க்காததைப் பற்றி இருவரும் ஒருவரையொருவர் ஒரு சொல் கேட்டதில்லை.

தோட்டக்காரர் ஆஸ்பத்திரியின் முன்புறம், வார்டுகளின் சன்னல்களுக்கு நேர் கீழே, நீண்ட பாத்தி ஒன்று வைத்திருந்தார். பின்பனி விலகி இளவேனில் எட்டிப் பார்க்கும் நாளில் அந்தப் பாத்தி முழுதும் வெள்ளைப் பூ நிறையும். இதழ்களின் நடுவே மஞ்சள் கிண்ணம் ஒன்றைப் பதித்து வைத்தாற்போல் இருப்பதனால் அதைக் கிண்ணிப்பூ என்றே எல்லாரும் அழைத்தார்கள். கட்டிலைவிட்டு இறங்க இயலாதவர்களும் தலையைத் திருப்பினால் அது தெரியும். வெயில் ஏறியதும் இலைகள் பழுத்துச் சாயும். அப்போது கிழங்குகளைத் தோண்டி, மண் உதறி, வலைப்பையில் கட்டி, சமையற்கட்டுச் சரக்கறையின் உத்தரத்தில் தொங்கவிடுவார். ஈரம் அண்டாத இடம் அங்கே அது ஒன்றுதான். குளிர் தொடங்குமுன் எடுத்து மறுபடி நடுவார்.

இதில் ஆவியம்மாவுக்கு ஓர் அச்சம் எப்போதும் இருந்தது. அந்தக் கிழங்கு பார்வைக்கு வெங்காயமேதான். அதே தோல், அதே பருமன், அதே கூர்மூக்கு. ஆனால் தின்றால் குடலைப் புரட்டி எடுக்கும். நலிந்த உடம்பு தாங்காது. "என் வெங்காயத்தோட உங்க பூவைக் கலந்துடாதீங்க. இது விளையாட்டு இல்ல" என்று ஆண்டுதோறும் சொல்வாள். அவரும் ஆண்டுதோறும் பூவின் பைக்குச் சிவப்புத் துணியால் ஒரு முடிச்சுப் போடுவார். வெங்காயப் பைக்கு முடிச்சில்லை. அந்த முடிச்சை நம்பியே அத்தனை ஆண்டுகளும் அத்தனை வார்டுகளும் உண்டன.

நினைவு அவரைவிட்டு நழுவத் தொடங்கியது எப்போது என்று அவளால் சொல்ல முடியவில்லை. அடுப்பிலிருக்கும் கிழங்கு எந்தக் கணத்தில் குழைந்தது என்று, பக்கத்திலேயே நின்றவர்களாலும் சொல்ல முடிவதில்லை அன்றோ? மழை பெய்துகொண்டிருக்கும்போதே குடத்தைத் தூக்கிப் போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். அரும்பு கட்டியிருந்த ரோஜாச் செடிகளை ஒருநாள் தரையோடு வெட்டிச் சாய்த்தார். அவை தழைத்து வந்ததும் மறுபடி வெட்டினார். டாக்டர்கள் நடுவிலேயே வாழ்ந்தவள் டாக்டர் எவரிடமும் அதைச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி மேலாளர்தான் ஒரு டாக்டரை அழைத்துக் காட்டினார். "போனது திரும்பி வராதும்மா. இருக்கறதைப் பத்திரமா பாத்துக்கோங்க" என்றார் டாக்டர்.

மேலாளர் கண்டிப்பும் ஈரமும் கலந்த பெண்மணி. ஆவியம்மாவைத் தம் அறைக்கு அழைத்து உட்காரவைத்துப் பேசினார்.

"ரோஜா போனது போகட்டும்மா. நாளைக்கு ஒரு நோயாளி மேல மண்வெட்டியைப் போட்டுட்டா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

"அப்படிச் செய்யமாட்டாரும்மா. மண்ணுல கை வெச்சா மனுஷன் தெளிவாயிடறார். பாத்தி ஓரமா உட்கார்ந்திருக்கும்போது வந்து பாருங்க, எந்த வித்தியாசமும் தெரியாது."

மேலாளர் எழுந்து சன்னல் வழியே முன்புறப் பாத்தியைப் பார்த்தார். "சரி. வசந்தம் வரைக்கும் பார்ப்போம். முன்னாடி பாத்தி வழக்கம்போல பூத்துதுன்னா, அவர் கை இன்னும் வேலை செய்யுதுன்னு நானும் மேல எழுதுவேன். இல்லைன்னா நீங்க அவரைக் கூட்டிக்கிட்டுப் போயிடணும்."

கூட்டிக்கொண்டு போவதானால் கொழுந்தன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அது வேறோர் ஊரில், மூன்றாவது மாடியில். அங்கே மண் என்பது செருப்பில் ஒட்டிக்கொண்டு வருவது மட்டுமே. வேலை போவதையோ அறைகள் போவதையோ ஆவியம்மா பெரிதாக நினைக்கவில்லை. மண்ணைத் தொட்டால்தான் அவர் அவராக இருக்கிறார். மண்ணில்லாத இடத்தில் எஞ்சியிருப்பதும் போய்விடும். ஆகவே அவள் படைத்தவனிடம் வேண்டிக்கொண்டது ஒன்றே: பாத்தி பூக்க வேண்டும்.

குளிர் தொடங்குமுன் ஒரு காலையில் தோட்டக்காரர் தாமாகவே எழுந்து, சரக்கறையில் சிவப்பு முடிச்சுப் போட்ட பையை இறக்கி, பாத்தியைக் கொத்திப் பதமாக்கி நட்டு முடித்தார். எவரும் நினைவூட்டவில்லை. கயிறு பிடித்தாற்போன்ற வரிசை. கிழங்குக்குக் கிழங்கு ஒரு சாண் இடைவெளி. ஆவியம்மா சன்னல் வழியாகப் பார்த்து மனம் நிறைந்தாள்.

அதன்பின் சில நாட்கள் சென்று, சமையற்கட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள், கத்தி என்று எல்லாரும் அழைக்கும் பெண். காய் நறுக்குவது அவள் தொழில். கையிலிருப்பதைவிட வாயிலிருப்பது கூர்மை என்பதால் அந்தப் பெயர்.

"அக்கா, இன்னைக்கு வெங்காயம் ரொம்ப நல்ல பிள்ளைங்க. ஒண்ணுகூட என்னை அழவிடல. என் மாமியாரும் இப்படி இருந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்."

ஆவியம்மா கையிலிருந்த கரண்டியை வைத்தாள். அந்த நேரத்தில் சமையற்கட்டில் எல்லாருக்கும் மூக்கு உறிஞ்சிக் கண் கரிக்க வேண்டும். ஒருவருக்கும் கரிக்கவில்லை. அருகில் சென்று நறுக்கிய துண்டு ஒன்றை விரல்களுக்கிடையே நசுக்கினாள். கொழகொழவென்று ஒட்டியது. மூக்கருகே கொண்டுபோனாள். வெங்காய நெடி இல்லை. பச்சைப் புல்லின் வாடை.

"எந்தப் பையில எடுத்தே?"

"முடிச்சு இல்லாத பையிலதான்க்கா. இன்னைக்குத்தான் பிரிச்சேன். ஏன்?"

முடிச்சு இல்லாத பைதான். முடிச்சைத்தான் அவர் பை மாற்றிக் கட்டியிருந்தார்.

தொண்டை வார்டுக்குப் போக வேண்டிய சூப்புக்கென்று வெட்டி வைத்த அவ்வளவையும் அவள் தன் கையாலேயே பின்புறம் குழி தோண்டிப் புதைத்தாள். பலகையையும் காய் நறுக்கும் கத்தியையும் வெந்நீர் விட்டு மறுபடி மறுபடி கழுவினாள். வெந்நீரை மொண்டு ஊற்றிக்கொடுத்த கத்தியின் குரலில் வழக்கமான கேலி இல்லை.

"அக்கா, இது மட்டும் வார்டுக்குப் போயிருந்தா?"

"போகல."

"மேலாளர் அம்மாகிட்ட..."

"சொல்லணும். சொல்றதுதான் சரி." ஆவியம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தாள். "வசந்தம் வரைக்கும் சொல்லாதே. இனிமே இந்தச் சரக்கறைக்குள்ள பூவோட பை வராது. வெங்காயத்தை ஒண்ணொண்ணா நானே முகர்ந்து பார்த்துத் தரேன். இதுல ஏதாவது ஆச்சுன்னா பாவம் என்னைச் சேரட்டும்."

"பாவத்தைப் பங்கு போடத்தானே நான் இருக்கேன்" என்றாள் கத்தி.

மறுநாள் பகலில், தோட்டக்காரர் உண்டு உறங்கும் வேளை பார்த்து, இருவரும் களைக்கொத்தோடு பாத்திக்குச் சென்றார்கள். கிளறியதும் வெளிப்பட்டவை வெங்காயங்கள். வெண்ணிற வேர் விட்டிருந்தன. ஒவ்வொன்றும் மூக்கு மேலே நிமிர்ந்திருக்க, அளவாக மண் மூடி நடப்பட்டிருந்தது. கை ஒன்றையும் மறக்கவில்லை; எதை நடுகிறோம் என்பதை மட்டுமே அறிவு மறந்திருந்தது. ஆவியம்மா ஒவ்வொரு வெங்காயத்தையும் எடுத்த குழியிலேயே, பையில் எஞ்சியிருந்த பூக்கிழங்கு ஒன்றை வைத்து, அவர் மூடியதுபோலவே மூடினாள். ஆஸ்பத்திரி மருந்துக் கடைக்காரர் அவ்வழியே வந்து, "என்னம்மா தேடறீங்க?" என்றார். "போன வாரம் நீங்க குடுத்த மாத்திரை. பலன் தெரியல, அதான் நட்டுப் பார்க்கறோம்" என்றாள் கத்தி. அவர் நடையைக் கட்டினார்.

எடுத்த வெங்காயங்களைச் சமையலுக்குப் பயன்படுத்த ஆவியம்மாவுக்குக் கை வரவில்லை. அவர் நட்டவை ஆயிற்றே. பாத்திரம் கழுவும் நீர் ஓடும் பின்சுவரோரம் அவற்றை ஊன்றி வைத்தாள்.

மாலையில் தோட்டக்காரர் பாத்தியருகே குந்தி உட்கார்ந்து மண்ணைத் தடவிப் பார்த்தார். "யாரோ கிளறியிருக்காங்க."

"கோழி கிளறியிருக்கும்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஆஸ்பத்திரியில ஏது கோழி?"

ஆவியம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அதோடு, இவ்வளவு தெளிவாகக் கேட்கிறாரே என்ற ஆசையும் வந்தது. அந்த ஆசையை வைத்துக்கொண்டே குளிர்காலத்தைக் கடந்தாள்.

குளிர்காலம் ஆசைக்கு இணங்கவில்லை. சட்டைப் பொத்தான்களைக் கையில் பிடித்துக்கொண்டு அவற்றை என்ன செய்வதென்று அறியாமல் நிற்பார். வேகவைத்த பீட்ரூட்டைத் தட்டில் கண்டு, இரத்தம் என்று அஞ்சித் தள்ளுவார். அதன்பின் அவள் வெள்ளைக் காய்களையே அவருக்குச் சமைத்தாள். ஒருநாள் அவள் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது, இரு கையாலும் வாங்கிப் பருகி, "ரொம்ப நன்றிங்க. நீங்க இங்கதான் வேலை பார்க்கறீங்களா?" என்றார். மணமான நாள் முதல் அவளை 'நீ' என்றன்றி அழைத்தறியாதவர். அவர் பணிவாகக் கேட்டதுதான் அவளைச் சுட்டது. "ஆமாங்க, சமையற்கட்டுல" என்று சொல்லிக் குவளையை வாங்கிக்கொண்டாள்.

பின்பனி குறைந்தது. பாத்தியில் பச்சைக் கூர்கள் மண்ணைக் கீறி எழுந்தன. வாள்போன்ற இலைகளாக நீண்டன. இலைகளுக்கிடையே தண்டுகள் உயர்ந்தன. தண்டின் நுனியில் மெல்லிய உறை போர்த்த மொட்டு. எல்லாவற்றுக்கும் முந்திய ஒரே ஒரு பூ, மஞ்சள் கிண்ணத்தைத் திறந்து பார்த்தது. எலும்பு வார்டிலிருந்து ஒருவர், "ஆவியம்மா, உங்க வீட்டுக்காரர் பூ வந்துடுச்சு" என்று சன்னல் வழியே கூவினார். மேலாளரும் வெளியூர் புறப்படுமுன் பாத்தியருகே நின்று பார்த்துவிட்டு, "திரும்பி வந்ததும் எல்லாம் விரிஞ்சிருக்கும். அதைப் பார்த்துட்டு மேல எழுதறேன்" என்று சொல்லிப் போனார். அன்று ஆவியம்மா உப்பு ஆகாதவர்களின் பூசணியில் ஒருமுறை உப்பைப் போட்டுவிட்டு, வேறு பூசணி வேகவைத்தாள். அவ்வளவு மகிழ்ச்சி.

மேலாளர் திரும்பும் நாள் காலை, ஆவியம்மா அடுக்குப் பாத்திரத்தின் மூடியைத் திறந்துகொண்டிருந்தாள். வெண்ணிற ஆவி அடங்கியபோது எதிரே தோட்டக்காரர் நின்றார். தலைமுடியில் பனித்துளி, கைகளில் மண், இடுப்பில் பழைய காய்க் கூடை. முகத்தில் பல மாதங்களாகக் காணாத தெளிவு.

"இந்தா" என்று கூடையை மேசைமேல் வைத்தார். "வெங்காயத்தண்டு. பூ விட்டா வெங்காயம் பெருக்காது, தெரியுமில்ல? அதான் எல்லாத்தையும் கிள்ளிட்டேன். உனக்குப் பிடிக்குமே. எண்ணெயில வதக்கி வை, பசிக்குது."

கூடை நிறையத் தண்டுகள். ஒவ்வொன்றின் நுனியிலும் உறை பிரியாத மொட்டு. எல்லாவற்றிற்கும் மேலே அந்த ஒற்றைப் பூ.

கத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். ஆவியம்மாவுக்கு ஒவ்வொன்றாக விளங்கிற்று. அவர் மறக்கவில்லை. நடும்போது அவர் மனத்தில் இருந்தது வெங்காயமா பூவா என்பது இறைவனுக்கே வெளிச்சம். ஆனால் அவர் கை நட்டது வெங்காயம். கை அதை நினைவில் வைத்திருந்து, பருவம் தவறாமல் வந்து, வெங்காயத்துக்குச் செய்ய வேண்டியதைக் குறைவின்றிச் செய்திருந்தது. மாற்றி வைத்தவள் அவள்தான். மாற்றாமல் விட்டிருந்தாலும் அந்தப் பாத்தி பூத்திராது.

அவள் அந்த ஒற்றைப் பூவை எடுத்தாள். "இது தெரியாம விழுந்துடுச்சா?"

"என்ன விழுந்துது?" என்றார் அவர், கூடையைச் சுற்றித் தரையில் தேடியவாறு.

"ஒண்ணும் இல்லைங்க. கை கழுவிட்டு உட்காருங்க."

தண்டுகளைக் கத்தியிடம் ஒப்படைத்து, குவளை குவளையாகத் தண்ணீரில் வைத்து வார்டுகளுக்கு அனுப்பச் சொன்னாள். "தண்ணியில நின்னா விரியும். யாரும் வாயில வெச்சுடாம இருக்கணும், நர்ஸம்மாகிட்ட நீயே சொல்லு." பிறகு பின்சுவரோரம் சென்றாள். அங்கே ஊன்றிய வெங்காயங்களும் தண்டுவிட்டு, அவற்றைப் போலவே உறை மூடிய மொட்டுகளோடு நின்றன. தேவையானதைப் பறித்தாள். ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்தாள். கழுவி, பொடியாக நறுக்கி, சூடான எண்ணெயில் இட்டு, உப்புத் தூவி, தண்ணீர் தெளித்து மூடினாள். தண்டு தன் ஆவியிலேயே வெந்து, பச்சை மாறாமல் துவண்டபோது இறக்கினாள்.

அவர் முதல் வாய் உண்டுகொண்டிருக்கையில் மேலாளர் வாசலில் வந்து நின்றார். பாத்தி வழியாகத்தான் வந்திருக்க வேண்டும்; முகம் சொல்லிற்று.

ஆவியம்மா எழுந்தாள். "பூத்துச்சும்மா. பூக்காம இல்ல. அவர்தான்..." மேசைமேல் இருந்த காய்க் கூடையைக் காட்டினாள். பிறகு, தாங்கமுடியாத ஒன்றை இறக்கி வைப்பவள்போல், சிவப்பு முடிச்சு இடம் மாறியதையும், கண் கரிக்காத வெங்காயத்தையும், தான் மறைத்ததையும் சொல்லி முடித்தாள்.

மேலாளரின் நிறம் மாறியது. "தொண்டை வார்டுக்கா? அதை என்கிட்ட மறைச்சீங்களா?"

"ஆமாம்மா."

அவர் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தோட்டக்காரர் தட்டிலிருந்து தலை நிமிர்ந்து, வந்திருப்பவர் பெரியவர் என்பதை மட்டும் உணர்ந்து, பாதி எழுந்தார். "நின்னுக்கிட்டே இருக்கீங்களே, உட்காருங்க. இன்னைக்குக் காலையிலதான் பறிச்சேன். உங்களுக்கும் கொஞ்சம் வைக்கச் சொல்லட்டுமா?"

மேலாளர் அவரைப் பார்த்தார், ஆவியம்மாவைப் பார்த்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். ஆவியம்மா தட்டு வைத்தாள். மேலாளர் ஒரு வாய் எடுத்து உண்டார். "நல்லா இருக்கு" என்றார் மேலாளர் கடைசியில், தோட்டக்காரரிடம்.

"மண்ணு நல்ல மண்ணு" என்றார் அவர். "அடுத்த வருஷமும் அங்கேயே போடலாம்."

தட்டுக் கழுவிய பிறகுதான் மேலாளர் சொல்ல வேண்டியதைச் சொன்னார். ஆவியம்மா அன்றே கொழுந்தனுக்குச் சொல்லி அனுப்பினாள்.

கொழுந்தன் வந்து சாமான்களை முன்னதாக ஏற்றிச் சென்றான். புறப்படும் நாளிலும் குவளைகளில் சில பூக்கள் விரிந்திருந்தன. தொண்டை வார்டில் பேச முடியாத ஒருவர் தம் குவளையைச் சன்னலில் உயர்த்திக் காட்டினார். பாத்தியில் இலைகள் மட்டும் பச்சையாக நின்றன. "இலை பழுத்த பிறகு தோண்டு. அதுக்கு முன்னாடி எடுத்தா கிழங்குக்குப் பலம் இருக்காது. சரக்கறையில மட்டும் வைக்காதே" என்று கத்தியிடம் சொல்லி, சிவப்புத் துணியைக் கொடுத்தாள். "இதை நான் என் கழுத்துலயே கட்டிக்கறேன்க்கா. பை மாறினாலும் நான் மாறமாட்டேன்" என்று கத்தி சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை.

பஸ்ஸில் அவருக்குச் சன்னலோரம் இடம் கிடைத்தது. வெகுதூரம் வயல்களையே பார்த்துவந்தார். மடியில் ஒரு துணிப்பை. அதில் பின்சுவரோரத்து வெங்காயம் கொஞ்சம். வயல்கள் தீர்ந்து கட்டடங்கள் தொடங்கிய இடத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளை அப்போதுதான் கண்டவர்போல் திரும்பினார்.

"நீங்க எங்கம்மா இறங்கணும்?"

ஆவியம்மா அவர் சட்டையில் கழன்றிருந்த பொத்தானைப் போட்டுவிட்டாள்.

"நீங்க இறங்கற இடத்துலதாங்க" என்றாள்.